லீவு எடுத்த நாளும் கணக்கில் வரும்: அமெரிக்க 401(கே) தகுதிக்கான 1,000 மணி நேரத்தை எண்ணும் முழு வழிகாட்டி

டெக்சஸில் ஒரு பல் மருத்துவமனை என்று வைத்துக்கொள்வோம். எச்-4 ஈஏடி (எச்-1பி விசாக்காரரின் துணைக்குக் கிடைக்கும் வேலை அனுமதி) கிடைத்த ஒருவர் அங்கே வரவேற்பு மேசையில் பகுதிநேர வேலைக்குச் சேர்கிறார். திங்கள் முதல் வெள்ளி வரை தினமும் 4 மணி நேரம், வாரத்துக்கு 20. ஒரு வருடம் முடிந்ததும் நிறுவனத்தின் 401(கே) என்ற ஓய்வுக்காலச் சேமிப்புத் திட்டத்தில் சேரலாமா என்று கேட்கிறார். "உங்கள் டைம்ஷீட்டில் 920 மணி நேரம்தான் இருக்கிறது. 1,000 வேண்டும்" என்று பதில் வருகிறது. அவரும் சரி, அடுத்த வருடம் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறார்.

920 என்பது சரியான எண்தான். 1,000 என்பதும் சரியான எண்தான். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டதுதான் தப்பு. வேலை செய்த மணி நேரத்தை மட்டும் எண்ணுவதென்றால் சட்டம் வைத்திருக்கும் வரம்பு 1,000 அல்ல, 870. வரம்பை 1,000 என்று வைத்தால், சம்பளத்தோடு லீவு எடுத்த நாட்களையும் சேர்த்து எண்ணியாக வேண்டும். கடுமையான வரம்பை ஒரு முறையிலிருந்தும், குறுகிய எண்ணிக்கையை இன்னொரு முறையிலிருந்தும் எடுத்துக் கலக்க எந்த முதலாளிக்கும் அனுமதி கிடையாது. பகுதிநேர ஊழியர்கள் தகுதி இழப்பது பெரும்பாலும் இந்தக் கலப்படத்தால்தான் என்பது என் எண்ணம். யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. பேரோல் மென்பொருளில் எந்தச் சம்பளக் குறியீடு "401(கே) மணி நேரம்" என்று குறிக்கப்பட்டிருக்கிறதோ அதை மட்டும் அது கூட்டிக் கொடுக்கிறது. விடுப்புக்கான குறியீடுகளை யாரோ சேர்க்க மறந்திருப்பார்கள்.

இந்த விதிகளுக்கெல்லாம் வேர், ஊழியர்களின் ஓய்வூதியத் திட்டங்களுக்காக 1974-இல் வந்த எரிசா சட்டம். மணி நேரத்தை எப்படி எண்ண வேண்டும் என்பதை அமெரிக்கத் தொழிலாளர் துறையின் 2530.200பி-2 என்ற ஒழுங்குவிதி விளக்குகிறது. தனியார் நிறுவனங்களின் திட்டங்களுக்கு இது பொருந்தும். மாநில அரசு, கவுன்டி, பொதுப் பள்ளி, மாநிலப் பல்கலைக்கழகம் போன்றவற்றின் திட்டங்கள் எரிசாவுக்குள் வராது. தேவாலயத் திட்டங்களும் பெரும்பாலும் அப்படியே. அங்கே வேலை செய்பவர்கள் தங்கள் திட்ட விதிகளைத் தனியாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

படி 1: எதற்காக எண்ணுகிறோம்?

மணி நேரக் கணக்கு மூன்று இடங்களில் வரும். மூன்றும் வேறு வேறு கேள்விகள்.

முதலாவது, திட்டத்தில் சேரும் தகுதி. ஒரு திட்டம் அதிகபட்சமாக 21 வயதும் ஒரு வருடச் சேவையும் கேட்கலாம். ஒரு வருடச் சேவை என்றால் 12 மாதத்தில் 1,000 மணி நேரம். இதைவிடத் தாராளமாக இருக்கலாம், சேர்ந்த அன்றே சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. இதைவிடக் கடுமையாக, 1,200 மணி நேரம் என்றெல்லாம் கேட்க முடியாது.

இரண்டாவது, திட்டத்துக்குள் வந்தபின் அந்த வருடத்துக்கான நிறுவனப் பங்களிப்பு. லாபப் பகிர்வுத் தொகை, சில இடங்களில் மேட்ச் (நீங்கள் போடும் பணத்துக்கு ஈடாக நிறுவனம் போடுவது), இவற்றுக்கு "இந்தத் திட்ட ஆண்டில் 1,000 மணி நேரம் வேண்டும், டிசம்பர் 31 அன்று வேலையில் இருக்க வேண்டும்" என்று நிபந்தனை போடலாம். சேஃப் ஹார்பர் வகைப் பங்களிப்பு (சில அரசுச் சோதனைகளிலிருந்து விலக்குப் பெற நிறுவனம் கட்டாயமாகப் போடும் தொகை) என்றால் இந்த நிபந்தனை போட முடியாது.

மூன்றாவது, வெஸ்டிங். நிறுவனம் போட்ட பணம் எப்போது முழுதாக உங்களுடையதாகிறது என்பது. அதிலும் ஒரு வருடம் என்பது பொதுவாக 1,000 மணி நேரம்தான்.

எச்ஆரிடம் பேசும்போது இந்த மூன்றில் எதைக் கேட்கிறீர்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒன்றுக்குரிய பதிலை இன்னொன்றுக்குத் தருவது அடிக்கடி நடக்கிறது. இனி வரும் படிகள் முதல் கேள்வியை மையமாக வைத்தவை. லீவு மணி நேரத்தை எண்ணும் விதி மூன்றுக்கும் ஒன்றுதான்.

படி 2: திட்ட ஆவணத்தை வாங்குங்கள்

உங்கள் நிறுவனம் எந்த முறையில் எண்ணுகிறது என்பது திட்ட ஆவணத்தில் இருக்கும். முதலில் கையில் கிடைப்பது எஸ்பிடி எனப்படும் திட்டச் சுருக்கம். பிடெலிட்டி, வேன்கார்டு, எம்பவர் என்று எந்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் கணக்கு இருக்கிறதோ அங்கே பெரும்பாலும் பிடிஎஃப்-ஆகக் கிடைக்கும். கணக்கே இன்னும் திறக்காதவர்கள் எச்ஆரிடம் கேட்க வேண்டியதுதான். ஆனால் சுருக்கம் போதாது. முழு ஆவணத்தையும், அதோடு வரும் அடாப்ஷன் அக்ரிமென்ட் என்ற படிவத்தையும் கேளுங்கள். பெட்டிகளில் டிக் போட்ட அந்தப் படிவத்தில்தான் "மணி நேரம் எப்படி எண்ணப்படும்" என்ற கேள்விக்கு ஒரு பெட்டி இருக்கும்.

எழுத்தில் கேளுங்கள். திட்டப் பங்கேற்பாளர் எழுத்தில் கேட்டால் 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காமல் இழுத்தடித்தால் நாள் ஒன்றுக்கு 110 டாலர் வரை அபராதம் விதிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. வாய்வார்த்தையாகக் கேட்டால் இந்த 30 நாள் கணக்கு ஓடாது.

ஆவணத்தில் நீங்கள் காணக்கூடிய முறைகள் இவை.

உண்மையான மணி நேரம்: வேலை செய்ததும், சம்பளத்தோடு லீவில் இருந்ததும், இரண்டையும் எண்ணி 1,000.

வேலை செய்த மணி நேரம் மட்டும்: லீவு சேராது, ஓவர்டைம் சேரும், வரம்பு 870. ஓவர்டைமையும் விட்டு வழக்கமான வேலை மணி நேரத்தை மட்டும் எண்ணினால் வரம்பு 750.

காலத்தை வைத்துக் கணக்கிடுவது: ஒரு நாளில் ஒரு மணி நேரம் சேரும் என்றால் அந்த நாளுக்கு 10 மணி நேரம், வாரமென்றால் 45, அரை மாதச் சம்பளக் காலத்துக்கு 95, மாதத்துக்கு 190. மாதக் கணக்கு ஊழியருக்கு மிகவும் சாதகமானது. ஒரு மாதம் முழுக்க ஊரில் இருந்து, அதில் ஒரே ஒரு நாள் மட்டும் சம்பளத்தோடு கூடிய விடுப்பாக இருந்தாலும் அந்த மாதத்துக்கு 190 கிடைத்துவிடும். ஆறு மாதத்தில் 1,140.

கழிந்த காலம்: மணி நேரமே எண்ணுவதில்லை. சேர்ந்த தேதியிலிருந்து வேலையில் தொடர்ந்து ஒரு வருடம் இருந்தால் போதும். இந்த முறை என்றால் லீவைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், மீதிப் படிகளில் பாதி உங்களுக்குத் தேவைப்படாது.

மாதச் சம்பளக்காரர்களுக்கு டைம்ஷீட்டே இருக்காது என்பதால் பல நிறுவனங்கள் அவர்களுக்குக் காலக் கணக்கையும், மணிக் கூலிக்காரர்களுக்கு உண்மையான மணி நேரத்தையும் வைத்திருக்கும். அதில் தவறில்லை, ஆவணத்தில் அப்படி எழுதியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

படி 3: உங்களுடைய 12 மாதம் எது?

பே ஸ்டப்பில், அதாவது சம்பளச் சீட்டில், "ஒய்டிடி" என்று ஒரு நெடுவரிசை இருக்கும், ஜனவரி 1 முதல் இன்று வரையிலான கூட்டுத்தொகை. அதைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சேரும் தகுதிக்கான முதல் 12 மாதம் நீங்கள் வேலைக்கு வந்த முதல் நாளில் தொடங்குகிறது. ஆஃபர் லெட்டர் தேதி அல்ல, வேலை செய்த முதல் நாள். நம் உதாரண ஊழியர் 2024 மார்ச் 11, திங்கட்கிழமை வேலைக்கு வந்தார் என்றால் அவருடைய காலம் 2025 மார்ச் 10 வரை.

அதில் 1,000 எட்டவில்லை என்றால் அடுத்த வாய்ப்பு உண்டு. சில திட்டங்கள் ஒவ்வொரு மார்ச் 11-ஐயும் வைத்தே தொடரும். பல திட்டங்கள் திட்ட ஆண்டுக்கு மாறிவிடும். அப்படி மாறினால் இரண்டாவது காலம் 2025 ஜனவரி 1 முதல் டிசம்பர் 31 வரை. ஜனவரி 1 முதல் மார்ச் 10 வரையிலான மணி நேரம் இரண்டு காலத்திலும் சேரும். இந்த மேற்பொருத்தம் ஊழியருக்குச் சட்டம் கொடுத்திருக்கும் சலுகை, யாரும் கழிக்க முடியாது.

இன்னொன்று: ஏழாவது மாதத்திலேயே 1,000 மணி நேரத்தைத் தாண்டிவிட்டாலும் 12 மாதம் முடிந்த பிறகுதான் ஒரு வருடச் சேவை முடிந்ததாகக் கொள்ளப்படும்.

படி 4: வேலை செய்த மணி நேரம்

இது சுலபம். 50 மணி நேரம் வேலை செய்து, ஓவர்டைம் விகிதத்தால் 55 மணி நேரத்துக்கான சம்பளம் வந்தாலும் கணக்கில் சேருவது 50. டிசம்பர் கடைசி வாரம் செய்த வேலைக்கு ஜனவரியில் சம்பளம் வந்தால் அந்த மணி நேரம் டிசம்பருக்கே சேரும்.

படி 5: லீவு மணி நேரம்

விதி சொல்வது இதுதான்: வேலை செய்யாத நேரத்துக்கு, முதலாளி சம்பளம் கொடுத்தாலோ, கொடுக்கக் கடமைப்பட்டிருந்தாலோ அந்த மணி நேரம் சேர வேண்டும். காரணங்களாக அது அடுக்குவது: விடுமுறை, பண்டிகை விடுமுறை, நோய், உடல் இயலாமை, லே-ஆஃப், ஜூரி கடமை, ராணுவக் கடமை, விடுப்பு. நிறுவனம் அதை வெக்கேஷன் என்று அழைத்தாலும், எல்லா லீவையும் பிடிஓ (சம்பளத்தோடு விடுப்பு) என்று ஒரே பெட்டியில் போட்டாலும், "அன்லிமிடெட் பிடிஓ" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டாலும் வித்தியாசமில்லை. சம்பளம் ஓடினால் மணி நேரமும் ஓடும்.

எத்தனை மணி நேரம்? அந்த நாளில் வழக்கமாக எத்தனை மணி நேரம் வேலை செய்திருப்பீர்களோ அத்தனை. தினமும் 4 மணி நேர ஊழியர் ஒரு நாள் சிக் லீவு எடுத்தால் 4, எட்டு அல்ல. வழக்கமான நேர அட்டவணையே இல்லாதவர்களுக்குத் திட்டம் நாளுக்கு 8 அல்லது வாரத்துக்கு 40 என்ற அடிப்படையில் கணக்கிடலாம்.

அரைச் சம்பளத்தில் விடுப்பு என்றால் பலரும் மணி நேரத்தையும் பாதியாக்கிவிடுகிறார்கள். அது தேவையில்லை. "ஒரு வாரத்துக்குப் பாதிச் சம்பளம்" என்று கால அளவை வைத்துப் பணம் கொடுத்தால், அந்த வாரத்தின் முழு வழக்கமான மணி நேரமும் சேரும். சம்பள விகிதம் குறைந்ததே தவிர நாட்கள் குறையவில்லை. கால அளவே இல்லாமல் மொத்தமாக ஒரு தொகை கொடுத்தால்தான் அதை உங்கள் கடைசி மணிக் கூலியால் வகுத்து மணி நேரம் கண்டுபிடிப்பார்கள்.

உடல்நலக் குறைவில் ஷார்ட் டேர்ம் டிஸபிலிட்டி காப்பீட்டிலிருந்து பணம் வரும்போது, "நாங்கள் கொடுக்கவில்லை, காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது" என்று எச்ஆர் சொல்லக்கூடும். பிரீமியத்தை நிறுவனம் கட்டியிருந்தால் அது நிறுவனம் கொடுத்த பணமாகவே கருதப்படும் என்று விதியில் நேரடியாக இருக்கிறது. மணி நேரம் சேரும். பிரீமியம் முழுவதையும் நீங்களே கட்டியிருந்தால் கதை வேறு.

சேராதவை: சம்பளமில்லா விடுப்பு. வேலையிடத்தில் அடிபட்டு வொர்க்கர்ஸ் காம்பென்சேஷன் சட்டத்தின் கீழ் வரும் பணம். வேலையிழப்பு உதவித்தொகை. மாநில இயலாமைக் காப்பீட்டுச் சட்டத்தின் கீழ் வருவது. கலிபோர்னியாவில் பிரசவத்துக்கு முன்னும் பின்னும் பலர் வாங்கும் எஸ்டிஐ இந்த வகை. மருத்துவச் செலவைத் திருப்பித் தருவதும் சேராது.

கலிபோர்னியாவில் இருப்பவர்கள் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். எஸ்டிஐ மட்டும் வாங்கிக்கொண்டிருந்த வாரங்களில் மணி நேரம் சேராது. அதே வாரங்களில் நிறுவனம் பிடிஓ-விலிருந்து மீதியை நிரப்பிக் கொடுத்திருந்தால் அது முதலாளி கொடுத்த பணம். பே ஸ்டப்பில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். அதே மாநிலத்தில் 2024 ஜனவரி 1 முதல் வருடத்துக்கு 40 மணி நேரம் அல்லது 5 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு சட்டப்படி உண்டு, பகுதிநேரக்காரர்களுக்கும் உண்டு. அதை எடுத்தால் அந்த மணி நேரம் அப்படியே கணக்கில் சேரும்.

ஒரே மணி நேரத்தை இரண்டு முறை எண்ண முடியாது. தேங்க்ஸ்கிவிங் அன்று கடை திறந்திருந்தது, 8 மணி நேரம் வேலை செய்தீர்கள், ஹாலிடே பே என்று இன்னொரு 8 மணி நேரச் சம்பளமும் வந்தது என்றால், கணக்கில் சேருவது 8 மட்டும். லீவே எடுக்காமல் பிடிஓ-வைக் காசாக்கிக்கொண்டு வேலையும் செய்தால், அந்தக் காசுக்குத் தனியாக மணி நேரம் கிடையாது.

எச்-1பி-யில் கன்சல்டிங் நிறுவனங்களில் இருப்பவர்களுக்கு "கொடுக்கக் கடமைப்பட்டிருந்தால்" என்ற சொற்கள் முக்கியம். புராஜெக்ட் இல்லாமல் பெஞ்சில் இருக்கும் காலத்துக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது எச்-1பி விதி. கொடுக்காத நிறுவனம் பிறகு தொழிலாளர் துறையின் உத்தரவாலோ சமரசத்தாலோ பின்தேதிச் சம்பளம் கொடுத்தால், அந்த மணி நேரமும் சேர வேண்டும். பணம் வந்த வருடத்துக்கு அல்ல, அது எந்தக் காலத்துக்குரியதோ அந்தக் காலத்துக்கு. நீங்களாகவே கேட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போன சம்பளமில்லா விடுப்பு இந்தப் பாதுகாப்பில் வராது.

படி 6: 501 என்ற உச்சவரம்பு

வேலை செய்யாத, தொடர்ச்சியான ஒரே காலத்துக்கு 501 மணி நேரத்துக்கு மேல் கொடுக்க வேண்டிய கட்டாயமில்லை. வாரம் 40 மணி நேரக்காரருக்கு இது பன்னிரண்டரை வாரம். 16 வாரம் நிறுவனச் சம்பளத்தில் மகப்பேறு விடுப்பு எடுத்தவருக்கு 640 வராது, 501 வரும். அந்த விடுப்பு இரண்டு கணக்குக் காலங்களில் பாதி பாதியாக விழுந்தாலும் மொத்தத்துக்கே 501தான்.

ஏன் 501? ஒரு கணக்குக் காலத்தில் 500 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால் "சேவை முறிவு" என்று பெயர்; பழைய சேவையை இழக்கும் ஆபத்து அங்கே தொடங்குகிறது. 501 கிடைத்தால் முறிவிலிருந்து தப்பிவிடலாம்.

உச்சவரம்பு ஒவ்வொரு தொடர்ச்சியான காலத்துக்கும் தனித்தனி. ஜனவரியில் அறுவை சிகிச்சைக்காக எட்டு வாரம், திரும்பி வந்து வேலை, மீண்டும் செப்டம்பரில் ஆறு வாரம் என்றால் இரண்டையும் கூட்டி 501-இல் அடைக்கக் கூடாது. இந்தத் தவறையும் பார்க்கலாம்.

படி 7: இரண்டு காலத்தில் விழும் லீவு

பிப்ரவரி 24-இல் தொடங்கி மார்ச் 21 வரை விடுப்பு, உங்கள் காலம் மார்ச் 10-இல் முடிகிறது. மார்ச் 10 வரையிலான நாட்கள் முதல் காலத்துக்கு, மீதி அடுத்ததற்கு. ஆனால் 31 நாளுக்கு மேற்படாத காலம் இப்படி எல்லையைத் தாண்டினால் முழுவதையும் ஒரே பக்கம் போடத் திட்டத்துக்கு உரிமை உண்டு, ஒரே வகை வேலையில் இருக்கும் எல்லோருக்கும் ஒரே மாதிரிச் செய்தால்.

படி 8: கூட்டிப் பார்ப்போம்

2024 மார்ச் 11 முதல் 2025 மார்ச் 10 வரை 261 வார நாட்கள். நாளுக்கு 4 என்றால் அதிகபட்சம் 1,044. அந்த ஊழியர் ஊருக்குப் போனபோது இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுப்பு, இரண்டு வாரம் சம்பளமில்லாமல். இரு வாரங்களுக்கு ஒரு முறை வரும் பே ஸ்டப்புகளை வரிசையாக அடுக்கி, ரெகுலர், ஹாலிடே, வெக்கேஷன், சிக் என்ற நான்கு வரிகளையும் தனித்தனியாகக் கூட்டினால் இப்படி வருகிறது:

ரெகுலர்: 920
ஹாலிடே, 6 நாள்: 24
வெக்கேஷன், 10 நாள்: 40
சிக், 5 நாள்: 20
சம்பளமில்லாத 10 நாள்: 0
மொத்தம்: 1,004

உண்மையான மணி நேர முறையில் தகுதி பெற்றுவிட்டார். வேலை செய்த மணி நேர முறையில் 920, வரம்பு 870, அதிலும் தகுதி. வாரக் கணக்கில் 23 வாரத்திலேயே 1,035. கழிந்த கால முறையில் கேள்வியே இல்லை. சட்டம் அனுமதிக்கும் எந்த வழியில் போனாலும் அவர் உள்ளே வருகிறார். 920-ஐ 1,000-உடன் ஒப்பிட்டால் மட்டும் வெளியே நிற்கிறார்.

அவருக்கு மிச்சம் நான்கே மணி நேரம் என்பதையும் பாருங்கள். இன்னும் இரண்டு நாள் சம்பளமில்லா விடுப்பு எடுத்திருந்தால் 996. உண்மையான மணி நேர முறை என்றால் போச்சு. வாரம் 20 மணி நேர வேலையில் இருப்பவர்கள் எல்லோரும் இந்த விளிம்பில்தான் நிற்கிறார்கள். அதனால் பத்தாவது மாதத்திலேயே ஒரு முறை கூட்டிப் பாருங்கள். குறைகிற மாதிரி இருந்தால், சம்பளமில்லா விடுப்புக்குப் பதிலாக மிச்சமிருக்கும் பிடிஓ-வை எடுங்கள். யாராவது ஷிஃப்டை மாற்றிக்கொள்ளக் கேட்டால் வாங்கிக்கொள்ளுங்கள். 12 மாதம் முடிந்தபின் எதுவும் செய்ய முடியாது.

கூட்டும்போது முதல் ஸ்டப்பையும் கடைசி ஸ்டப்பையும் கவனியுங்கள். சம்பளக் காலம் உங்கள் 12 மாதத்தின் எல்லையைத் தாண்டியிருந்தால், அந்த ஸ்டப்பில் எந்த நாட்கள் உள்ளே, எந்த நாட்கள் வெளியே என்று டைம்ஷீட்டை வைத்துப் பிரிக்க வேண்டும். நான்கு மணி நேர வித்தியாசத்தில் தகுதி நிற்கும்போது இது சில்லறை விஷயமல்ல.

படி 9: நுழைவுத் தேதி

தகுதி வந்த மறுநாளே சேர்த்துவிட மாட்டார்கள். பெரும்பாலான திட்டங்களில் ஜனவரி 1, ஜூலை 1 என்று நுழைவுத் தேதிகள் இருக்கும். 2025 மார்ச் 10-இல் முடித்தவருக்கு ஜூலை 1. அடுத்த திட்ட ஆண்டின் முதல் நாள், அல்லது தகுதி பெற்றதிலிருந்து ஆறு மாதம், இவற்றில் எது முன்னதாக வருகிறதோ அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது.

1,000 வராதவர்களுக்கு: 500 மணி நேர வழி

வாரம் 12, 15 மணி நேரம் வேலை செய்பவர்கள் ஒருபோதும் 1,000-ஐ எட்ட மாட்டார்கள். 2019-இல் வந்த செக்யூர் சட்டம் அவர்களுக்கு ஒரு வாசலைத் திறந்தது: தொடர்ந்து மூன்று வருடம், வருடத்துக்கு 500 மணி நேரம். 2022 டிசம்பர் 29-இல் கையெழுத்தான செக்யூர் 2.0 அதை இரண்டு வருடமாகக் குறைத்தது. 2025-இல் தொடங்கும் திட்ட ஆண்டுகளிலிருந்து அது நடைமுறை. 401(கே)-க்கு 2021-க்கு முந்தைய வருடங்கள் இந்தக் கணக்கில் வராது. லாபநோக்கமற்ற நிறுவனங்கள் நடத்தும், எரிசாவுக்கு உட்பட்ட 403(பி) திட்டங்களுக்கும் இப்போது இந்த வாசல் உண்டு.

இங்கேயும் சம்பளத்தோடு கூடிய லீவு மணி நேரம் அதே விதிப்படி சேரும். வாரம் 10 மணி நேர வேலை, 52 வாரம், மொத்தம் 520. லீவு மணி நேரத்தைக் கழித்துவிட்டால் 500-க்குக் கீழே போக எவ்வளவு நேரமாகும்? இரண்டு வாரத்துக்குச் சற்று மேல். ஆகவே 1,000 மணி நேரக்காரர்களைவிட இவர்களுக்கு லீவுக் கணக்கு இன்னும் முக்கியம். இந்த வழியாக வந்தவர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து பணம் போடலாம். நிறுவனம் மேட்ச் கொடுக்க வேண்டிய கட்டாயம் மட்டும் இல்லை. தொழிற்சங்க ஒப்பந்தத்தின் கீழ் இருப்பவர்களுக்கு இந்த விதி பொருந்தாது.

சம்பளமில்லா நீண்ட விடுப்பு

எஃப்எம்எல்ஏ எனப்படும் குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டத்தின் கீழ் எடுக்கும் 12 வாரம் சம்பளமில்லா விடுப்பு 1,000-க்குள் மணி நேரமாகச் சேராது. ஆனால் அதைக் காட்டிச் சேவை முறிந்துவிட்டது என்று சொல்லவும் முடியாது. "டிசம்பர் 31 அன்று வேலையில் இருந்தால்தான் பங்களிப்பு" என்ற நிபந்தனை இருந்து, அன்று நீங்கள் எஃப்எம்எல்ஏ விடுப்பில் இருந்தால், வேலையில் இருந்ததாகவே கொள்ள வேண்டும். குழந்தைப் பிறப்பு, தத்தெடுப்புக்காகச் சம்பளமில்லாமல் இருந்தால் 501 மணி நேரம் வரை கணக்கில் கொடுக்கும் விதியும் உண்டு. அது முறிவைத் தடுக்க மட்டுமே, தகுதிக்கு உதவாது. ராணுவ ரிசர்வில் இருந்து அழைப்பு வந்து போய்த் திரும்பியவர்களுக்கு 1994-இன் யுசெர்ரா சட்டம் இவை எல்லாவற்றையும்விடத் தாராளமானது: போயிருந்த காலம் வேலையில் இருந்த காலமாகவே எண்ணப்படும்.

"இல்லை" என்று பதில் வந்தால்

முதல் மின்னஞ்சலில் சட்டப்பிரிவுகளை அடுக்கி மிரட்ட வேண்டாம். எச்ஆரில் இருப்பவருக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பு அதிகம். பிளானைக் கவனிக்கும் டிபிஏ நிறுவனத்துக்குத் தெரியும், அவர்களிடம் கேள்வி போய்ச் சேருவதுதான் முக்கியம். நான்கு விஷயங்கள் போதும். வேலைக்கு வந்த முதல் நாளும், கணக்குக் காலத்தின் இரு எல்லைகளும். பே ஸ்டப்பிலிருந்து எடுத்த வகைவாரியான மணி நேரப் பட்டியல். திட்ட ஆவணப்படி எந்த எண்ணும் முறை பொருந்தும், அதில் சம்பளத்தோடு கூடிய விடுப்பு சேர்க்கப்பட்டதா என்ற கேள்வி. இதை டிபிஏ-வுக்கு அனுப்பிச் சரிபார்க்க வேண்டும் என்ற வேண்டுகோள்.

அதிலும் நகரவில்லை என்றால், எஸ்பிடி-யில் சொல்லியிருக்கும் முறைப்படி எழுத்தில் கிளெய்ம் போடுங்கள். 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும், காரணம் சொல்லி இன்னொரு 90 நாள் நீட்டிக்கலாம். மறுத்தால் காரணத்தையும் அதற்கு ஆதாரமான திட்டப் பிரிவையும் எழுத்தில் தர வேண்டும். மேல்முறையீடு செய்ய உங்களுக்குக் குறைந்தது 60 நாள். இவற்றோடு தொழிலாளர் துறையில் ஊழியர் நலத் திட்டங்களைக் கவனிக்கும் இப்சா பிரிவை 1-866-444-3272 என்ற எண்ணில் அழைக்கலாம். கட்டணம் கிடையாது. அவர்களுடைய ஆலோசகர் நிறுவனத்தோடு பேசியே பல விஷயங்களை முடித்துவைப்பார். இப்படிக் கேட்டதற்காக வேலையை விட்டு நீக்குவது எரிசாவின் 510-ஆம் பிரிவின்படி சட்டவிரோதம்.

தகுதி இருந்தும் சேர்க்காமல் விட்டது உறுதியானால், நிறுவனம் அதைச் சரிசெய்ய ஐஆர்எஸ் எனப்படும் அமெரிக்க வரித்துறை ஒரு வழிமுறை வைத்திருக்கிறது. சாதாரண 401(கே)-யில், உங்கள் பிரிவு ஊழியர்கள் சராசரியாகச் சம்பளத்தில் எத்தனை சதவீதம் போட்டார்களோ, அதை உங்கள் சம்பளத்தோடு பெருக்கி, அதில் 50 சதவீதத்தை நிறுவனம் தன் பணத்திலிருந்து உங்கள் கணக்கில் போட வேண்டும். நீங்கள் இழந்த மேட்ச் இருந்தால் அதை முழுதாக. இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தின் முதலீட்டு வருமானத்தையும் சேர்த்து. சீக்கிரம் கண்டுபிடித்துச் சரிசெய்தால் அந்த 50 சதவீதம் 25 ஆகவும், மூன்று மாதத்துக்குள் என்றால் பூஜ்யமாகவும் குறையும். அதனால் தவறைச் சீக்கிரம் சுட்டிக்காட்டுவது நிறுவனத்துக்கும் செலவு மிச்சம் என்று மின்னஞ்சலில் ஒரு வரி சேர்த்தால், பதில் கொஞ்சம் வேகமாக வரும்.